ஜெபப்பெட்டி

உப்பளத்தில் பணம் கொட்ட ஆரம்பித்ததும் தவசிங் வீட்டுக்கு ஜெபப்பெட்டி வாங்கினார். சாயங்காலக் குடும்ப ஜெபத்தை அவர் குரலிலேயே, அவரைவிட உருக்கமாக அது செய்துவிடும். அவரும் மனைவி எமிலியும் சாப்பிட்டுக்கொண்டே கடைசியில் ‘ஆமென்’ சொன்னால் போதும். கேட்க எதுவும் மிச்சமில்லாத வீட்டில் ஆண்டவரோடு பேச யாருக்கு நேரம்? வருடக்கணக்கில் அப்படியே ஓடியது.

அன்றும் பெட்டி ஜெபித்துக்கொண்டிருந்தபோதுதான் திருடர்கள் கதவை உடைத்துப் பாய்ந்தார்கள்.

“சத்தத்த நிறுத்துல!” என்று ஒருவன் கடப்பாரையால் பெட்டியை அடித்து நொறுக்கினான். இன்னொருவன் எமிலியின் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. வயிற்றில் கத்தியைச் சொருகிவிட்டு, சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினார்கள்.

தவசிங் அவளை மடியில் கிடத்தி வயிற்றைப் பொத்தினார். விரலிடுக்கில் ரத்தம் கொப்பளித்தது.

“ஏங்க, பயமாருக்கு. ஜெபம் பண்ணுங்க.”

கண்ணை மூடி வாயைத் திறந்தார். ஆண்டவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை.

“பண்ணுங்களேன்…” அவர் சட்டையை அவள் இறுக்கிப் பிடித்தாள்.

நொறுங்கிக் கிடந்த பெட்டியை ஒருமுறை பார்த்தார். அவர் வாயில் வந்தது ஒரே சொல்தான்.

“ஆமென்.”