கட்டாக் கிளையின் முதல் நாற்காலி

கோவில்பட்டியில் சலூன் வைத்திருக்கும் முத்துக்காளை, இன்று ஒடிசாவின் கட்டாக் நகரில் முதல் கிளையைத் திறந்தார். ஆனால் அவர் ஊரைவிட்டு நகரவில்லை. இங்கே கையுறை மாட்டி அவர் கையை அசைத்தால், அங்கே இரும்புக் கைகள் அப்படியே முடிவெட்டும். கடையைப் பார்த்துக்கொள்ள மனைவி பேச்சியம்மாள் அங்கே போயிருந்தாள்.

அவர் எதிரே இருந்த திரையில் கட்டாக் கடை நிறையக் கூட்டம் தெரிந்தது. இரும்புக் கையில் கத்தரியைக் கண்டு யாரும் நாற்காலியில் உட்காரவில்லை. ஒருவர் வாசலை நோக்கித் திரும்பி நடந்தார்.

பேச்சியம்மாள் விறுவிறுவென்று போய் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள்.

"தோள் வரைக்கும் வெட்டுங்க."

"கல்யாணமானதுலேருந்து நுனியக்கூடத் தொட விடமாட்டியே?"

"இப்ப விடுதேன். எல்லாரும் பாக்காக, கை நடுங்காம வெட்டுங்க."

கையுறைக்குள் அவள் கூந்தலின் கனம் தெரிந்தது. அவர் ஆசையாக, நிதானமாக வெட்டினார். எழுந்து அவள் தலையைச் சிலுப்பியதும் கூட்டம் கைதட்டியது.

வாசல்வரை போனவர் திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தார். கன்னத்தைத் தடவிக் காட்டி ஏதோ ஒடியா மொழியில் சொன்னார்.

"என்ன கேக்காரு?" என்றார் முத்துக்காளை.

பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு பொங்கியது.

"முடிவெட்ட இல்லையாம். சவரம் பண்ணணுமாம்."

அந்த மனிதர் கண்ணை மூடி, கழுத்தை நிமிர்த்திக் காட்டினார்.