அண்ணாச்சி கடை டீ

குற்றாலத்தில் சீசன் தொடங்கியதுமே வேல்சாமி அண்ணாச்சி, தன் மூலிகை டீயில் ஆன்டிஆக்சிடன்ட் அருவியாகக் கொட்டுவதாக போர்டு மாட்டிவிட்டார். தென்காசிக் கல்லூரி மாணவி ஜெஸி சும்மா இருப்பாளா? பென்சில் கரியை வைத்துத் தானே செய்த கருவியைச் செல்போனில் மாட்டி, டீயில் முக்கினாள். அந்தச் சத்து இருந்தால் திரையில் கோடு ஏறும். ஏறவில்லை.

கூட்டம் சிரித்தது.

"பென்சிலை வச்சு என் பொழப்பைக் கெடுக்கியா? மெசினுதாம்ட்டி கோளாறு! ஒடச்சுப்போடுவேன்!"

"ஒடைங்க அண்ணாச்சி. மொதல்ல இதையும் பாத்துருவோம்."

கல்லாப்பெட்டி மேல் இருந்த இன்னொரு டம்ளர் டீயில் முக்கினாள். கோடு சரசரவென்று ஏறியது.

"பாத்தியளா? இதுதாம்யா நம்ம கடை டீ!" அண்ணாச்சி மார்தட்டினார்.

"அது கடை டீ இல்ல." அவர் மனைவி முப்பிடாதியம்மாள் ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினாள். "நீரு குடிக்கதுக்குன்னு தெனமும் வீட்டுல இருந்து கொண்டாரச் சொல்லுதீருல்லா, அது!"