பத்து மணி இட்லி

இருட்டில் நின்று தின்றுகொண்டிருந்தாள்.

சமையலறை விளக்கைப் போடவில்லை. போட்டால் கூடத்துக் கட்டிலில் இருக்கும் கணவருக்குத் தெரிந்துவிடும். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, ஒரு விள்ளலை விழுங்குவதற்குள் அடுத்ததைப் பிட்டாள்.

அவர் மிச்சம் வைத்த இட்லி.

அவருக்கு ஈரல் கெட்டுவிட்டது. ஒரு நாளும் குடித்ததில்லை என்றால் ஊரில் எவரும் நம்பவில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஏதாவது சாப்பிட்டுத்தான் படுக்க வேண்டும், வெறும் வயிற்றோடு படுத்தால் விடிவதற்குள் உடம்பு தன் சதையையே தின்ன ஆரம்பித்துவிடும் என்றார் டாக்டர்.

அதே டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏழு மணிக்கு மேல வாயத் தொறக்கவே கூடாதுங்க."

ஈரலில் பாதியைக் கொடுக்கப்போகிறவள் அவள். வேறு யாருடையதும் பொருந்தவில்லை. ஆனால் அவள் ஈரலிலும் கொழுப்பு. இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தால் ஆபரேஷன். குறையாவிட்டால் இல்லை. அதற்குமேல் காத்திருக்க அவருக்கு நாள் கிடையாது.

பகலெல்லாம் நாத்தனார் காவல். கொள்ளுக் கஞ்சியும் நடையுமாக ஐந்தரைக் கிலோ இறங்கிவிட்டது.

இன்னும் அரைக் கிலோ.

நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கடைசி எடை.

'நான் தர்றனுங்க' என்று ஆஸ்பத்திரியில் முதல் ஆளாகச் சொன்னது அவள்தான். நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சொந்தபந்தமெல்லாம் மெச்சியது. பயமாக இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பயமாக இருந்தது.

வெட்டின முருங்கை தழைகிற மாதிரி ஈரல் வளர்ந்துவிடும் என்று டாக்டர் சிரித்தார். வெட்டுகிறவருக்கு என்ன, சிரிப்பார்.

மாட்டேன் என்று அவளால் சொல்ல முடியாது. எடை மெஷின் சொல்லலாம். மெஷினை யாரும் வைய மாட்டார்கள்.

எடை பார்க்கும் நாளில் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுத்தான் கிளம்புவாள். அரைக் கிலோ கூடக் காட்டும். ராத்திரியில் இந்த இட்லி. நான்கு வைத்தால் அவர் இரண்டை அப்படியே விட்டுவிடுவார். சாப்பிடுங்கள் என்று அவள் வற்புறுத்துவதில்லை.

போன வாரம் டாக்டர் அவருடைய தோள்பட்டையை அமுக்கிப் பார்த்தார். எலும்புதான் கையில் தட்டியது. ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார்.

சாப்பிடுகிறார் என்றாள்.

தின்றுவிட்டுப் படுத்தால் தூக்கம் எங்கே வரும்? புளித்த ஏப்பம் தொண்டைவரை ஏறி நிற்கும். அவருக்கும் தூக்கமில்லை. நோய் அவருடைய இரவைப் பகலாக்கியிருந்தது. இரண்டு பேரும் தூங்குகிற மாதிரி கிடப்பார்கள். நானும் ஒரு மனுஷியா என்று தன்னையே வைதுகொள்வாள். மறுநாள் பத்து மணிக்கு மறுபடியும் இரண்டு இட்லி மிச்சம் வரும்.

கொஞ்ச நாளாக அந்த இட்லி இனித்தது. பசியின் ருசி என்று நினைத்தாள்.

உதட்டில் சுருக்கென்று கடித்தது.

எறும்பு.

விளக்கைப் போட்டாள். தட்டெல்லாம் சிற்றெறும்பு. மிச்சமிருந்த இட்லியைப் புரட்டினாள். அடியில் நாட்டுச் சர்க்கரை அப்பியிருந்தது.

அவள் போடவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் வந்து பத்து வருஷம் ஆகிறது. இட்லிக்கு நாட்டுச் சர்க்கரை தொட்டுக்கொள்வது அவளுடைய ஆசை. கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார்.

தட்டோடு கூடத்துக்கு வந்து அங்கேயும் விளக்கைப் போட்டாள்.

எறும்பு வரிசை கட்டில் ஓரச் சுவரில் ஏறி மருந்து அலமாரிக்குள் போனது. மாத்திரை அட்டைகளுக்குப் பின்னால் ஒரு பழைய இருமல் மருந்து பாட்டில். உள்ளே பாதிக்கு நாட்டுச் சர்க்கரை.

அவர் உட்கார்ந்திருந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நாளைக்கு அந்த மெசினு வேண்டாம்னு சொல்லிப்போடட்டும், புள்ள. எனக்கோசரம் உன்னைய அறுக்க உடமாட்டேன்."

தட்டைக் கீழே வைத்தாள்.

இத்தனை நாளும் அவர் பசியோடு படுத்திருக்கிறார். அவள் தின்ன வேண்டும் என்று. அவளும் தின்றாள். வெட்கம் உச்சந்தலைவரை ஏறியது.

உள்ளே போனாள். இட்லிப் பானையில் இரண்டு இருந்தன. எடுத்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு விள்ளலை வாயருகே நீட்டினாள்.

அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

"எனக்குப் பயமாத்தானுங் இருக்குது" என்றாள். "நீங்க தின்னுங்."

வெகுநேரம் கழித்து வாய் திறந்தது.

இரண்டு இட்லியும் தீரும்வரை ஊட்டினாள். அவர் மென்றது மெதுவாக, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

தட்டைக் கழுவ வந்தாள். எறும்பு கடித்த உதடு தடித்து எரிந்தது. நாக்கு வறண்டது. மேடையில் சொம்பு இருந்தது. காலையில் கிளம்பும்போது குடிக்கவென்று சாயங்காலமே நிறைத்து மூடி வைத்தது.

மூடியை எடுத்தாள்.

வாய்க்கருகே கொண்டுபோனவள் அப்படியே தொட்டியில் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.