தரை முட்டை

"ஒண்ணுகூட இல்லையே!"

முட்டை வாங்கும் கம்பெனியின் அதிகாரியம்மா, ஷெட்டின் மூலைமுடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தரையில ஒரு முட்டைகூட இல்லை. புது ஷெட்டுல இப்படி நான் பார்த்ததே கிடையாது."

மருமகளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. மாமனார் பக்கத்தில் நின்றதால் அடக்கிக்கொண்டாள்.

கூண்டே இல்லாமல் கோழி வளர்க்கலாம் என்பது அவளுடைய யோசனை. பெரிய பண்ணையில் ஒரே ஒரு ஷெட்டை மட்டும் அவள் கையில் கொடுத்திருந்தார் மாமனார். கம்பிக் கூண்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, தட்டுத்தட்டாக மாடி கட்டி, ராத்திரி உட்காரக் கம்பு, முட்டையிடத் திரை போட்ட பெட்டி, கீழே கிளறிப் புரள மரத்தூள் என்று அடையாளமே தெரியாமல் மாற்றியிருந்தாள் அந்த ஷெட்டை.

எதிர்த்தது ஒரே ஆள். கொழுந்தன். எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுவதால் வீட்டில் அவனுக்கு 'எதிர்க்கட்சி' என்றே பெயர்.

"கோழிக்கு மாடி வீடா? பெட்டி வெச்சிருக்கோமேன்னு எந்தக் கோழி அண்ணி மெனக்கெட்டு மேல ஏறும்? நின்ன இடத்துல போட்டுட்டுப் போகும். அப்புறம் நீங்களே கூண்டை மாட்டுங்கன்னு சொல்வீங்க, பாருங்க."

ஆரம்பத்தில் அவன் சொன்னதுதான் நடந்தது. தரையெல்லாம் முட்டை. உடைந்தது பாதி, அழுக்கானது மீதி.

"கம்பெனிக்காரங்க வந்து பார்க்கட்டும்மா. அவங்க வேண்டாம்னா மறுபடி கூண்டுதான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார் மாமனார்.

அப்புறம் என்ன மாயமோ, தரை முட்டை குறைந்துகொண்டே வந்தது. இன்றைக்கு அடியோடு இல்லை!

"இந்த ஷெட் முட்டை மொத்தமும் எங்களுக்கே கொடுத்துடுங்க. மத்த ஷெட்டையும் மாத்துங்க, அதையும் எடுத்துக்கறோம்" என்றார் அதிகாரி. "ஆனா இடையிடையே சொல்லாமக் கொள்ளாம வந்து நிப்போம். தரை இதே மாதிரி இருக்கணும்."

"எப்ப வேணும்னாலும் வாங்க மேடம்!"

கார் கேட்டைத் தாண்டியதுதான் தாமதம், "மாமா, ஜெயிச்சுட்டோம்!" என்று கத்தியேவிட்டாள்.

மாமனார் வாயெல்லாம் பல். "எல்லாம் உன் பிடிவாதம்தாம்மா!"

எதிர்க்கட்சி மட்டும் தூணில் சாய்ந்தபடி கொட்டாவி விட்டான். "ரொம்ப ஆடாதீங்க அண்ணி. அவங்க மறுபடி வர்றப்போ தெரியும் கதை."

சொல்லிவிட்டு எங்கோ போய்விட்டான்.

முட்டை வண்டியோடு போயிருந்த கணவனுக்குப் போன் போட்டு, மூச்சு வாங்க வாங்கச் செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தவள், ஜன்னல் வழியே பார்த்துச் சட்டென்று நிறுத்தினாள்.

கொழுந்தன் கையில் பக்கெட். அதன்மேல் சாக்கு மூடியிருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். விருட்டென்று ஷெட்டுக்குள் நுழைந்தான்.

"அப்புறம் பேசறேங்க!"

மாமனாரிடம் ஓடினாள்.

"மாமா, இத்தனை நாளா சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன். தம்பி தினமும் விடியக்காலையில உடம்பெல்லாம் மரத்தூளோட ஷெட்டுல இருந்து வர்றார். கேட்டா 'சும்மா'ங்கறார். ஒருநாள் அந்தச் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். பக்கெட்டுல முட்டை!"

"அதனால என்ன?"

"ஆரம்பத்துல பெட்டியில இருந்ததை எடுத்துத் தரையில போட்டது அவர்தான் மாமா! என்னைத் தோக்கடிக்கணும்னு. மேடம் முன்னாடி மாட்டிக்கக் கூடாதுன்னு கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தார். அந்த மேடம் சொல்லாம வருவேன்னு சொன்னதைக் கேட்டுக்கிட்டுத்தானே நின்னார்? இப்ப மறுபடி ஆரம்பிச்சுட்டார்!"

"சேச்சே, அவனுக்கு வாய்தான் நீளம்..."

"வந்து உங்க கண்ணால பாருங்க. நான் வீடியோவே எடுக்கறேன்!"

இருவரும் பூனை நடை நடந்து ஷெட்டை அடைந்தார்கள். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அதில் செல்போனை ஒட்டி வைத்தாள்.

உள்ளே திருவிழாக் கூட்டம்போல் இரைச்சல். தட்டுக்குத் தட்டு கோழிகள் படபடவென்று பறந்துகொண்டிருந்தன. ஒரு மூலையில் கொழுந்தன் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். மரத்தூளுக்குள் கையை விட்டான்.

"பார்த்தீங்களா மாமா? வைக்கிறார், வைக்கிறார்!"

அவன் கை வெளியே வந்தது. அதில் ஒரு முட்டை. சட்டையில் துடைத்துப் பக்கெட்டில் போட்டுச் சாக்கால் மூடினான். பிறகு அதே மூலையில் பதுங்கிக் கிடந்த ஒரு கோழியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினான். இரைச்சலை மீறி அவன் குரல் வெளியே கேட்டது.

"ஏன்டி, தரையில அப்படி என்னடி சுகம் கண்ட? மேல பெட்டி காலியாத்தானே கிடக்கு? விடியறதுக்கு முன்னாடியே வந்து ஒவ்வொருத்தியா தூக்கித் தூக்கி என் இடுப்பே போச்சு. அண்ணி இப்பத்தான் நிம்மதியா மூச்சு விட்டிருக்காங்க. கவுத்துடாதீங்கடி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

திரையை விலக்கி, கோழியைப் பெட்டிக்குள் உட்காரவைத்து, திரையை இழுத்துவிட்டு, அடுத்த மூலைக்கு இறங்கினான்.

மருமகளின் செல்போன் தானாகத் தாழ்ந்தது.

"டேய் படவா!" என்று தழுதழுத்த குரலில் மாமனார் கதவைத் திறக்கப் போனார்.

அவள் அவசரமாகக் குறுக்கே வந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள்:

"வேண்டாம் மாமா, வாங்க போயிடலாம். நாம பார்த்துட்டோம்னு தெரிஞ்சா, வெட்கப்பட்டுக்கிட்டு நாளைக்கு வர மாட்டார்!"