நூற்றுப் பன்னிரண்டு விதிகள்

பகடையில் விழுந்தது மூன்று. தங்கை ஐந்து ஊர் தாண்டிப் போய்க் காயை வைத்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன் காயைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

அவள் கூச்சமே இல்லாமல் பகடையை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

வயது ஐம்பத்து மூன்று. போக்குவரத்துக் காவல் ஆய்வாளர். வாரத்தில் ஆறு நாள் சாலை விதியை மீறுகிறவர்களை ஓரங்கட்டி நிறுத்துகிறவள், ஏழாம் நாள் காலை அண்ணன் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய வரைபடத்தை விரித்து, பட்டப்பகலில் ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

வரைபடம் அண்ணன் போட்டது. அப்போது அவனுக்குப் பதினாறு, அவளுக்குப் பதினாலு. அப்பாவின் டயர் கடைக்கு மேலே இருந்த அறையில், நாட்காட்டித் தாள்களைப் பின்பக்கமாகத் திருப்பி ஒட்டி, நாற்பத்திரண்டு ஊர், மூன்று ஆறு, ஓர் எரிமலை என்று விடுமுறை முழுக்க உட்கார்ந்து வரைந்தான். சோடா மூடிகள் படைவீரர்கள். கடையில் உதிர்ந்த நட்டுகள் கோட்டைகள். அவனுடைய ராஜா ஒரு பித்தளைப் பொத்தான்.

பாட்டில்லாமல் ஆட்டம் கிடையாது. வானொலியிலிருந்து அவன் பதிவு செய்த கேசட் ஓடும். ஒரு பக்கம் ஓடி முடியும்போது யார் கையில் அதிக ஊர் இருக்கிறதோ, அவர்தான் ஜெயித்தவர்.

ஒவ்வொரு பாட்டின் வாலிலும் அறிவிப்பாளர் "அடுத்து வருவது" என்று ஆரம்பிப்பார், அதோடு வெட்டுப்பட்டுவிடும். அடுத்து வருவது என்னவென்று அந்த அறையில் இரண்டு வருஷம் யாருக்கும் தெரியாமலே போயிற்று.

மின்சாரம் போனால் அண்ணனே கேசட் ஆகிவிடுவான். பாடுவான், இடையிசையையும் வாயாலேயே வாசிப்பான், அறிவிப்பாளரின் அரை வாக்கியம் உட்பட. அவன் மூச்சு வாங்கும் நேரம் பார்த்து அவள் ஓர் ஊரைப் பிடித்துவிடுவாள்.

விதிகளுக்கென்று ஒரு நோட்டு. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. முதல் இருபதுதான் ஆட்டத்துக்கு. மிச்சமெல்லாம் அவளுக்காக எழுதியது. காயைச் சட்டைக் கைக்குள் ஒளிக்கக் கூடாது. பகடை கீழே விழுந்தால், குனிந்து எடுப்பவர் எண்ணைச் சொல்லக் கூடாது. எதிராளி தண்ணீர் குடிக்கப் போயிருக்கும்போது ஆறுகளைக் கடக்கக் கூடாது. ஒவ்வொன்றும் அவள் ஒருமுறை செய்து பிடிபட்டது.

அந்த அக்கறையைப் பாடத்தில் காட்டியிருந்தால் வீட்டில் இரண்டு டாக்டர் இருந்திருப்பார்கள் என்று அப்பா அலுத்துக்கொள்வார்.

அண்ணன் விரலால் மேசையில் தாளம் போட்டபடிதான் யோசிப்பான். தாளம் தடுமாறினால் எங்கேயோ பொறி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். இதை அவள் அவனிடம் சொன்னதே இல்லை. பிற்காலத்தில், உரிமம் வீட்டில் இருக்கிறது என்று சத்தியம் செய்கிறவர்களின் முகத்தையும் அவள் பார்த்ததில்லை. ஸ்டியரிங்கில் இருக்கும் விரல்களைத்தான் பார்ப்பாள்.

இப்போது கேசட் இல்லை. அவள் மகன் அதை இரைச்சலோடு அப்படியே கைப்பேசிக்கு மாற்றிக் கொடுத்திருந்தான். அது மேசை ஓரத்தில் பாடிக்கொண்டிருந்தது.

அண்ணன் இடக்கையால் பகடையை உருட்டினான். ஆறு. அவன் படை ஆற்றங்கரைக்கு வந்தது.

அவள் வாய் ஓயவில்லை. கரை வரை வந்து நிற்கிறவன் ராஜாவா, மீன் பிடிக்க வந்தவனா என்று கேட்டாள். பதினாறு வயதில் இருந்த மூளை எங்கே போயிற்று என்றாள்.

துவைத்த துணிகளைச் சோபாவில் போட்டு மடித்துக்கொண்டிருந்த அண்ணி, நிமிர்ந்து கண்ணாலேயே அதட்டினாள். தங்கை கண்டுகொள்ளவில்லை. தனக்கு ஒன்று விழுந்ததை நான்கு என்று வைத்துக்கொண்டாள்.

பிறகு தேநீர்க் கோப்பையை எடுக்கும் சாக்கில், முழங்கையால் அண்ணனின் மூன்று மூடிகளைத் தரையில் தள்ளினாள். செத்தவர்கள் செத்தவர்கள்தான் என்று தீர்ப்பும் சொன்னாள்.

அண்ணனின் காது சிவந்தது. விரல்கள் மேசையில் தட்டுவதை நிறுத்தின.

அண்ணி கையிலிருந்த சட்டையை வைத்துவிட்டு, போதும் என்று சைகை காட்டினாள்.

கைப்பேசியில் கடைசிப் பாட்டு ஓடியது. தங்கை அவசரப்படவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டி, எரிமலைக்குப் பின்னால் பத்திரமாக இருந்த பித்தளைப் பொத்தானை இரண்டு விரலால் எடுத்தாள். தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

அண்ணனின் இடக்கை மேசையில் அறைந்தது. மூடிகள் துள்ளின.

"கள்ளாட்டம்."

அண்ணி மடித்து வைத்திருந்த துணிகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூளையில் ரத்தக் குழாய் வெடித்து மருத்துவமனைக்குப் போனவன், வீடு திரும்பியும் ஒரு சொல் பேசியிருக்கவில்லை. எழுபத்தொரு நாள். நீதிமன்றத்தில் முப்பது வருஷம் இரண்டு மொழிக்கு நடுவே நின்று, அடுத்தவர் வழக்கையெல்லாம் எடுத்துச் சொன்ன வாய் அது.

பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எல்லாரும் அவனிடம் பூப்போலப் பேசினார்கள். அவன் மறுத்துப் பேச வேண்டிய ஒரு வார்த்தையை யாரும் அவன் முன்னால் வைத்ததில்லை.

தங்கை தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் கண் காட்டிக்கொடுத்துவிடும்.

"யாரு, நானா? என்ன பண்ணேன்னு சொல்லு, பார்ப்போம்" என்றாள்.

சொல்லி முடிக்க அவனுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் ஒரு சொல்கூட எடுத்துக்கொடுக்கவில்லை.