ஏழு கொள்ளையரின் வாலடியில்

காரின் விளக்குகளை அணைத்ததும் அசி மேட்டுப் புல்வெளியில் இருட்டு வந்து அப்பிக்கொள்கிறது. ஏழு கொள்ளையர் என்று ஊரார் சொல்லும் சப்தரிஷி நட்சத்திரக் கூட்டத்தின் வால்நுனிக்குப் பக்கத்தில் ரைஹான் தன் தொலைநோக்கியைத் திருப்புகிறாள். வட்டத்துக்குள் பெரிதும் சிறிதுமாக இரண்டு ஒளி மங்கல்கள் வந்து நிற்கின்றன. ஒன்றையொன்று இழுத்து, உருக்குலைத்து, இன்னும் விடாமலிருக்கும் இரண்டு விண்மீன் மண்டலங்கள். காலையில்தான் அவள் அம்மாவை அடக்கம் செய்தார்கள். வீடு முழுக்க ஒப்பாரி. "பெத்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடுறாளா பாரு, கல்லு!" என்று பெரியம்மா எல்லார் காதிலும் விழும்படி சொன்ன பிறகுதான், கணவன் தௌரென் அவளைக் காரில் ஏற்றி மலைக்குக் கூட்டிவந்தான். இப்போது அவன் காரில் சாய்ந்து நின்று துக்க வீட்டு ரொட்டியைப் பிட்டு மெல்லுகிறான்.

"வானம் பாக்குறவளுக்கு வாச்ச வண்டிக்காரன்னுதான் உங்கம்மா கெழவி என்னைக் கூப்பிடுவா," என்று சிரிக்கத் தொடங்கியவன், ரொட்டி வாயிலிருக்க, விம்மி விம்மி அழுகிறான். தொலைவில் ஒரு குதிரை கனைத்து அடங்குகிறது. ரைஹான் நிமிரவில்லை. மங்கல்கள் இரண்டும் திடீரெனக் கரைந்து பாலாய்ப் பரவுகின்றன.

"என்ன, சத்தத்தையே காணோம்? நீயும் அழுறியா?"

அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். காய்ந்திருக்கிறது.

"இல்ல. மூச்சு பட்டு கண்ணாடியில ஆவி படிஞ்சிடுச்சு."

கைக்குட்டையால் தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைக்கிறாள். மறுபடி குனிந்து, பார்வையை எடுக்காமலே, அதே கைக்குட்டையை அவன் பக்கம் நீட்டுகிறாள்.