கடைசிப் பத்து முழம்

பாவு நீண்டு கிடந்ததால் மெம்பரின் கார் பாவடித் தெருவின் முனையிலேயே நின்றுவிட்டது.

தறியில் ஏற்றப்போகும் அறுபது முழ நூல், மூங்கில் கவைகளின் மேல் விறைப்பாகத் தெருவை அடைத்துக் கிடந்தது. கஞ்சி போட்ட பாவைக் காயும்வரை யாரும் எடுக்கமாட்டார்கள், தாண்டவும் மாட்டார்கள். எடப்பாடியில் சாமி ஊர்வலமே நின்று காத்திருந்துதான் போகும்.

அதனால் சட்டசபை மெம்பர் சென்னிமலை காரின் படியில் ஏறி நின்று, அங்கிருந்தே பேசினார். இரண்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து நேராக இப்போதுதான் வருகிறார். பள்ளிக்கூடத்துக்கு ஓடு வந்துவிட்டது. நான்கு கிணறுகளுக்கு உத்தரவாகிவிட்டது. ஆற்றுப் பாலத்துக்கு அளவெடுக்கத் தை மாதம் ஆள் வரும்.

பிறகு காகிதத்தைத் திருப்பிக் குரலைத் தாழ்த்தினார்.

யுத்தம் முடிந்து ஒரு வருஷமாகியும் அரிசி போதவில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு அவுன்ஸ் என்பது இனிப் பத்து. நாளை மறுநாள் சட்டசபையில் அதற்கு அவர் கை தூக்க வேண்டும்.

"ரெண்டே அவுன்சுதானுங்க. நாமதான் பொறுத்துக்கோணும்."

பாவுக்கு அந்தப் பக்கம் கமலவேணி கையில் கஞ்சி தடவும் பிரஷுடன் நின்றிருந்தாள். விடியும் முன்பே தொடங்கிய வேலை. முழங்கைவரை கஞ்சி காய்ந்து வெள்ளையாகியிருந்தது. மெம்பர் இளைத்துப்போயிருப்பது அவள் கண்ணில் பட்டது. அதற்காக விட்டுவிட முடியாது.

"ஏனுங்க மெம்பர், எறங்கி வந்து இந்தப் பாவத் தொட்டுப் பாருங்க."

தெருவில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

சென்னிமலை இறங்கி வந்தார். அவரும் தறிக்குழியில் உட்கார்ந்து வளர்ந்தவர்தான். விரல்களை நூல்மேல் ஓடவிட்டபடி நடந்தார். நூல் நாணல் போல விறைத்திருந்தது. ஐம்பதாவது முழத்தில் அவர் விரல் நின்றது. அங்கிருந்து நூல் துவண்டு, பஞ்சு பஞ்சாகச் சிலும்பிக் கிடந்தது.

"கஞ்சி எட்டலையா?"

"எட்டாதுங்க. ஆறுல ஒரு பங்கு அரிசியக் கொறச்சுத்தான் காய்ச்சுனேன். பன்னெண்டுல ரெண்டு போனா ஆறுல ஒண்ணுதானுங்களே?"

அவருக்கு மேலே சொல்லத் தேவையில்லை. தறியில் ஒவ்வொரு அடிக்கும் சீப்புப் போன்ற அச்சு நூலை உரசிக்கொண்டு போய் வரும். கஞ்சி குடித்த நூல் அதைத் தாங்கும். குடிக்காத நூல் பிரிந்து பிரிந்து அறும். ஒரு இழையை முடிந்து நிமிர்வதற்குள் பக்கத்து இழை போய்விடும். அந்தப் பத்து முழமும் சேலையாகாது. சேலை முழுதாக இறங்காவிட்டால் கூலியும் இறங்காது.

ரேஷன் கார்டில் தலைகளைத்தான் எண்ணுவார்கள். தறிக்குத் தலை இல்லை. ஆனால் இந்தத் தெருவில் முதல் கஞ்சி தறிக்கு. மிச்சம்தான் மனுஷருக்கு.

காரிலிருந்து ரேஷன் இன்ஸ்பெக்டரும் இறங்கி வந்தார். சேலத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. "தண்ணி கொஞ்சம் சேத்துக்கறது?" என்றார்.

"சேத்தா நூல்ல நிக்காதுங்க சாமி, ஒழுகிப் போயிரும்," என்றாள் பக்கத்து வீட்டு அங்காளம்மாள். "தண்ணிக் கஞ்சி எங்களுக்குத்தான் ஆகும். பாவுக்கு ரோசம் சாஸ்தி."

இப்போது தெரு வெளிப்படையாகவே சிரித்தது.

இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்தது. "சிரிங்க. திங்கறதுக்குக் குடுத்த அரிசியைப் பாவுல பூசறது குத்தம், தெரியுமில்ல? அம்பது பேரு முன்னால இவ ஒத்துக்கிட்டா. எங்கம்மா கார்டு? இப்பவே ரத்து பண்றேன்."

சிரிப்பு அப்படியே நின்றது. கார்டு போனால் பத்து அவுன்சும் போகும். கடையில் காசுக்குக்கூட அரிசி கிடைக்காது.

கமலவேணி பிரஷைக் கீழே வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த கார்டை எடுத்துப் பாவுக்கு மேலாக நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்துகொண்டு கார்டைப் பிரித்தார். பெரியவர்கள் மூன்று பேர், குழந்தை ஒன்று. கதவு எண் சரி. குடும்பத் தலைவர் என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றது. அந்தப் பெயரை இன்னொரு முறை படித்தார். பிறகு பக்கத்தில் நின்றவரை மெல்ல நிமிர்ந்து பார்த்தார்.

"எம் பேருதானுங்க," என்றார் சென்னிமலை. "அவ எஞ் சம்சாரம். பாவும் எங்க ஊட்டுப் பாவுதான்."

இன்ஸ்பெக்டர் கார்டை மடிக்கப் பார்த்தார்.

சென்னிமலை கையிலிருந்த காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இரண்டு மாதத்தில் முதல்முறையாக மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார். அவளும் பார்த்தாள், விட்டுக்கொடுப்பதாயில்லை.

"ரத்துன்னு எழுதுங்க," என்றார் அவர். "நாளானிக்குச் சட்டசபையில எந்திரிச்சு நின்னு காட்டறதுக்கு எனக்கு இந்தக் கார்டுதான் வேணுமுங்களே."

"அதெல்லாம் எதுக்குங்க, தெரியாம..." இன்ஸ்பெக்டர் அவசரமாகப் பேனாவை மூடினார்.

"மூடாதீங்க," என்றாள் கமலவேணி. "எழுதுங்க."